மீன் வாளியும் வளர்ச்சித் தூளும்

கேள்வி: டொக்டர், வத்தளைக்கு அங்கால் சின்னதாக ஒரு பன்றிப் பண்ணை வைத்திருக்கிறேன். நாற்பது உருப்படி வரை நிற்கும். கொழும்பில் இரண்டு ஹோட்டலிலிருந்து மிச்சச் சாப்பாடு எடுக்கிறேன். பேலியகொடை மீன் சந்தையிலிருந்து தலையும் குடலும் தினமும் ஒரு வாளி வரும். மிச்சத்துக்குத் தவிடு. கொட்டாஞ்சேனையில் இறைச்சிக் கடை வைத்திருக்கும் ஒருவர்தான் வழக்கமாக வாங்குவார். மூன்று மாதமாக அவர் குறை சொல்கிறார். கொழுப்பு கத்திக்கு வழுக்குகிறதாம், மஞ்சளடிக்கிறதாம், தட்டில் தண்ணீர் விடுகிறதாம். சமைத்தால் மீன் மணக்கிறது என்று இரண்டு பேர் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்களாம். எட்டு மாதம் வளர்த்தும் 90 கிலோவைத் தாண்டுவதில்லை. இப்போது ஒருவர் வந்து ‘வளர்ச்சித் தூள்’ என்று ஒன்றைக் காட்டுகிறார். கிலோ 6,500 ரூபாய். கொழுப்பில்லாத இறைச்சி வரும், ஒரு மாதம் முந்தியே விற்கலாம் என்கிறார். பாக்கெட்டில் எழுத்து ஒன்றும் இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் அன்டிபயோட்டிக் தூள் கலக்கிறார். நான் எதைப் போடுவது?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டு வந்தவன் அந்த மீன் வாளியில் நின்றுவிட்டேன். தூளைப் பற்றி அப்புறம் பேசுவோம். கடைக்காரர் சொன்ன நாலு குறையில் மூன்று அந்த வாளிக்குள்தான் இருக்கிறது.

நானும் கொட்டாஞ்சேனையில் குடியிருப்பவன்தான். ஞாயிறு பூசை முடிந்து வரும் சனம் இறைச்சி வாங்கும் விதத்தைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டுவார். வாங்க வந்த அம்மா சதையைப் பார்க்கமாட்டார், பெருவிரலால் கொழுப்பை ஒரு அமுக்கு அமுக்குவார். விரல் பட்ட இடம் குழி விழுந்து எண்ணெய் மினுங்கினால் ‘வேறு துண்டு காட்டுங்கோ’ என்பார். அவர் வேதியியல் படிக்கவில்லை, ஆனால் அந்தப் பன்றி கடைசி இரண்டு மாதம் என்ன தின்றது என்பதை அந்த விரல் கண்டுபிடித்துவிடும்.

காரணம் இதுதான். மாடும் ஆடும் தின்கிற எண்ணெயை அவற்றின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் உருமாற்றி, இறுகிய கொழுப்பாக்கிவிடும். பன்றிக்கு நம்மைப் போல ஒரே வயிறு. எந்த எண்ணெய் உள்ளே போகிறதோ அது பெரிய மாற்றமில்லாமல் முதுகுக் கொழுப்பில் போய்ப் படியும். மீன் எண்ணெய் குளிரில்கூட உறையாத எண்ணெய். அது பன்றியின் கொழுப்பில் சேர்ந்தால் கொழுப்பும் அறை வெப்பத்தில் இளகி நிற்கும். அது மட்டுமல்ல, இந்த வகை எண்ணெய் காற்றுப் பட்டவுடன் கெதியாகச் சிக்கடிக்கும். சூடாக்கும்போது எழும் மீன் மணம் அங்கிருந்துதான் வருகிறது. கொறக்காய் போட்டு, மிளகைக் கொட்டி, கறுக்கக் கறுக்கப் பிரட்டினாலும் அது போகாது. அடுத்த நாள் சூடு காட்டும்போது இன்னும் கூடும். உங்களுக்குத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்த இரண்டு பேரும் மிச்சக் கறியைச் சூடு காட்டியபோதுதான் கண்டுபிடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மஞ்சள் நிறமும் பெரும்பாலும் அதே கணக்குத்தான். மீன் கழிவை நிறையத் தின்று, விற்றமின் ஈ குறைவாகக் கிடைக்கும் பன்றியின் கொழுப்பு மஞ்சளாகும் என்பது பழைய பாடப் புத்தகத்திலேயே இருக்கிற விஷயம். ஆனால் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். கொழுப்பு மட்டும் மஞ்சளென்றால் தீவனம். உயிரோடு இருக்கும்போது கண்ணின் வெள்ளையும், அறுத்த பிறகு மூட்டுச் சவ்வும் சேர்ந்து மஞ்சளாக இருந்தால் அது மஞ்சள் காமாலை. நம் பக்கத்தில் எலிக்காய்ச்சல் பன்றிக்கும் வரும், அதிலிருந்து மனிதருக்கும் வரும். அப்படியொன்றைக் கண்டால் அறுக்காதீர்கள், உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். அடுத்த முறை அறுக்கும்போது முதுகுக் கொழுப்பில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டி, இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். காலையில் ஒரு நுனியைப் பிடித்துக் கிடையாகத் தூக்குங்கள். நல்ல கொழுப்பு பலகைத் துண்டு போல நேராக நிற்கும். மீனும் தவிடும் தின்ற கொழுப்பு நுனி தொங்கும். அப்புறம் அதையே வெறும் தாச்சியில் எண்ணெய் விடாமல் உருக்கி, மூடி வைத்து, ஒரு நிமிடம் கழித்து மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். வீட்டுக்காரம்மாவையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். மீன் வாளியோடு தினமும் பழகிய உங்கள் மூக்கை நான் நம்பமாட்டேன்.

ஆக, விற்கப்போகும் பன்றிகளுக்குக் கடைசி இரண்டு மாதம் மீன் வேண்டாம். நாலு வாரத்திலேயே வித்தியாசம் தெரியத் தொடங்கும், ஆனால் ஏற்கெனவே படிந்த கொழுப்பு ஒரே நாளில் கரையாது. மீன் மலிவான நல்ல புரதம், அதை மறுக்கவில்லை. குட்டிகளுக்கும் வளரும் பன்றிகளுக்கும் நன்றாக வேகவைத்து, அளவாகக் கொடுக்கலாம். 50 கிலோவைத் தாண்டிய உருப்படிகளின் கொட்டிலுக்குள் அந்த வாளி போகக் கூடாது.

இனித் தவிடு. இதைப் பற்றி யாரும் குறை சொல்லமாட்டார்கள், ஏனென்றால் எல்லோரும் போடுகிறார்கள். தவிட்டில் ஏறத்தாழ 15 சதவீதம் எண்ணெய், அதுவும் இளகிய எண்ணெய். பச்சரிசி ஆலையில் தீட்டிய தவிடு ஆலையை விட்டு வெளியேறிய மணித்தியாலத்திலிருந்தே கெடத் தொடங்கும். தவிட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு நொதி எண்ணெயை உடைத்துக்கொண்டே இருக்கும். சாக்கை அவிழ்க்கும்போது மூக்கில் ஒரு புளித்த காரம் ஏறினால் அந்தத் தவிடு முடிந்துவிட்டது என்று அர்த்தம். புழுங்கல் அரிசித் தவிட்டில் நெல்லை அவிக்கும்போதே அந்த நொதி செத்துவிடும், அதனால் அது கொஞ்சம் நாள் தாங்கும். எதுவானாலும் விற்பனைக்கு நிற்கும் பன்றியின் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தவிடு வேண்டாம்.

தவிட்டைக் குறைத்த இடத்தில் தேங்காய்ப் புண்ணாக்கைப் போடுங்கள். நம் நாட்டுப் பன்றிக்காரருக்குக் கடவுள் கொடுத்த வரம் என்று நான் இதைத்தான் சொல்வேன். தேங்காய் எண்ணெய் தாச்சிக்கு வெளியே, கொஞ்சம் குளிர்ந்தாலே வெள்ளையாக உறைகிறது அல்லவா? அதே குணம் பன்றியின் கொழுப்புக்கும் வரும். கொழுப்பு வெள்ளையாக, இறுக்கமாக, கத்திக்கு நிற்கும். சிலாபம், குருநாகல் பக்கம் எண்ணெய் ஆலைகளுக்குக் குறைவில்லை, நீங்கள் இருக்கும் இடத்துக்கு லொறி வரும். வாங்கும்போது ஒரு கட்டியை உடைத்துப் பாருங்கள். உள்ளே பச்சையாகவோ சாம்பலாகவோ பூஞ்சணம் பிடித்திருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். அப்ளடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு கொப்பராவில் கெதியாக வரும், அது ஈரலை அரிக்கும், வளர்ச்சியை நிறுத்தும். நஞ்சைப் பிடித்துக்கொள்ளும் களிமண் தூள்கள் விற்கிறார்கள். அப்ளடொக்சினுக்கு அவை உண்மையிலேயே உதவும். எல்லாப் பூஞ்சண நஞ்சுக்கும் உதவாது. பூஞ்சணம் பிடித்ததை வாங்கிவிட்டுத் தூளைத் தேடுவதைவிட வாங்காமல் விடுவது மலிவு.

புண்ணாக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, அங்கேதான் முதல் நல்ல ‘தூள்’ வருகிறது. அதன் பெயர் லைசின். புரதம் என்பது பல அமினோ அமிலங்கள் கோத்த மாலை. பன்றிக்கு நம் ஊர்த் தீவனத்தில் முதலில் தட்டுப்படுவது லைசின்தான். தேங்காய்ப் புண்ணாக்கில் 20 சதவீதம் புரதம் இருந்தாலும் லைசின் அரை சதவீதத்தைச் சற்றுத்தான் தாண்டும். சோளத்தில் கால் சதவீதம். சோயாப் புண்ணாக்கில் 3 சதவீதத்துக்குக் கிட்ட. லைசின் போதாவிட்டால் மற்ற அமினோ அமிலங்கள் எவ்வளவு இருந்தாலும் சதையாகாது, எரிந்து கொழுப்பாகவும் சிறுநீராகவும் போகும். உங்கள் கொட்டிலில் மூக்கை எரிக்கிற அந்த நெடியில் பாதி, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புரதம். கொழுப்பு கூடி, சதை குறைந்து, எட்டு மாதம் இழுப்பதற்கும் இது ஒரு பெரிய காரணமாக இருக்கலாம். ஹோட்டல் சோறும் பாணும் மாச்சத்து, அவ்வளவுதான்.

60 கிலோவைத் தாண்டிய பன்றிக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். சோளம் 45 கிலோ, தவிடு 20, தேங்காய்ப் புண்ணாக்கு 18, சோயாப் புண்ணாக்கு 14. மிச்சம் மூன்று கிலோவுக்குள் சுண்ணாம்புக்கல் தூள், விற்றமின் தாதுக் கலவை, 300 கிராம் உப்பு, 150 கிராம் லைசின். இது ஏறத்தாழ 16 சதவீதப் புரதமும் 0.8 சதவீத லைசினும் கொடுக்கும், அந்த வயதுக்குப் போதும். அந்த 150 கிராம் லைசின், லைசினைப் பொறுத்தவரை நான்கைந்து கிலோ சோயாவின் வேலையைச் செய்துவிடும். இன்றைக்குச் சோயா என்ன விலை என்று கேட்டுப் பார்த்துவிட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். முழுக்க இதற்கு மாற உங்களுக்குக் கட்டாது என்றால் பாதி இது, பாதி வேகவைத்த ஹோட்டல் சாப்பாடு என்று தொடங்கலாம். அப்படியென்றால் உப்பை எடுத்துவிடுங்கள், ஹோட்டல் சாப்பாட்டில் ஏற்கெனவே உப்புக் கூட. தண்ணீர் தட்டுப்பட்ட நாளில் உப்பு மூளைக்கு ஏறிப் பன்றி சுவரில் முட்டி முட்டி விழும்.

இரண்டாவது நல்ல தூள் பைட்டேஸ். தவிட்டிலும் புண்ணாக்கிலும் பொஸ்பரஸ் நிறைய இருக்கிறது, ஆனால் பெரும்பகுதி பைட்டேட் என்ற பூட்டுக்குள். பன்றியின் குடலில் அந்தச் சாவி இல்லை. பைட்டேஸ் என்கிற நொதி அந்தப் பூட்டைத் திறக்கும். ஒரு கிலோ தீவனத்துக்கு 500 அலகு போட்டால் பொஸ்பரஸுக்காகத் தனியாக வாங்கும் தாதுத் தூளைப் பெருமளவு குறைக்கலாம். போடாவிட்டால் அந்தப் பொஸ்பரஸ் எருவோடு வாய்க்காலுக்குப் போகும். உங்கள் பக்கத்து வாய்க்கால் எல்லாம் கடைசியில் முத்துராஜவெலச் சதுப்புக்குத்தான் போகிறது, அங்கே பச்சைப் பாசி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை, நிறையப் பேர் இதில்தான் காசை விடுகிறார்கள். பைட்டேஸையும் விற்றமினையும் கொதிக்கிற கிடாரத்தில் கொட்டாதீர்கள். நொதி கொதியில் செத்துப்போகும். ஆறிய பிறகு, கை வைக்கலாம் என்கிற சூட்டில், உலர்ந்த தீவனத்தோடு கலந்து போடுங்கள். அடுத்தது, பாக்கெட்டில் ‘ஒரு டொன்னுக்கு இவ்வளவு’ என்று போட்டிருப்பது உலர்ந்த தீவனத்துக்கு. ஹோட்டல் சாப்பாட்டில் முக்கால் பங்கு தண்ணீர். பத்து கிலோ வாளியில் தீவனம் இரண்டரை கிலோதான். வாளிக்கணக்கில் தூளைப் போடுபவர் நாலு மடங்கு போடுகிறார். கலப்பதும் அப்படித்தான். 150 கிராம் தூளை 100 கிலோ குவியலில் தூவி மண்வெட்டியால் பிரட்டினால் ஒரு பன்றிக்கு எல்லாம் போகும், இன்னொன்றுக்கு ஒன்றும் போகாது. முதலில் ஒரு கிலோ தவிட்டில் வடிவாகப் பிசறுங்கள், அதைப் பத்துக் கிலோவில், பிறகு நூறில்.

ஹோட்டல் சாப்பாட்டை வேகவைப்பது பற்றி நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை, அதனால் கேட்காமலே சொல்கிறேன். 2024இன் பிற்பகுதியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்த நாட்டுக்குள் வந்தது. எத்தனை கொட்டில் வெறுமையானது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தக் கிருமி பன்றி இறைச்சித் துண்டில், சொசேஜில், ஹாமில் உயிரோடு இருக்கும். மனிதருக்கு ஒன்றும் செய்யாது, பன்றிக்கு மருந்தில்லை. 90 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலம், கிளறிக்கொண்டே வேகவைக்க வேண்டும் என்பது உலக விலங்குச் சுகாதார அமைப்பின் அளவு. ஒரு கொதி வந்ததும் இறக்குவது போதாது, நடுவில் கட்டியாகக் கிடக்கும் சோற்றுக்குள் சூடு போயிருக்காது. பச்சை வாளி வரும் பாதையும் வெந்த வாளி போகும் பாதையும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இந்தக் காய்ச்சலைத் தடுக்கும் என்று சொல்லி யாராவது ஒரு தூளை விற்க வந்தால் படலையிலேயே நிறுத்தி அனுப்பிவிடுங்கள்.

சரி, அந்த 6,500 ரூபாய்த் தூள்.

எழுத்தில்லாத பாக்கெட் என்ற ஒரு காரணமே போதும். கால்நடைத் தீவனத்துக்கு இந்த நாட்டில் 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. உள்ளே என்ன, எவ்வளவு, யார் செய்தது என்று சொல்ல முடியாதவர் உங்களிடம் கொடுப்பது தீவனம் அல்ல. ‘கொழுப்பில்லாத இறைச்சி, ஒரு மாதம் முந்தி’ என்ற வாக்குறுதியைக் கேட்டால் எனக்கு இரண்டு பெயர் ஞாபகத்துக்கு வரும். ஒன்று ரக்டோபமின். கொழுப்புக்குப் போகும் சத்தைச் சதைக்குத் திருப்பும் மருந்து. அமெரிக்காவில் 1999இலிருந்து பன்றிக்கு அனுமதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலும் சீனாவிலும் தடை. 2012இல் உலக உணவுத் தர ஆணையம் இறைச்சியில் இவ்வளவு எச்சம் இருக்கலாம் என்று ஓர் அளவு வைத்தபோது 69க்கு 67 என்ற வாக்கில்தான் அது தேறியது. அவ்வளவு சண்டை. அதைப் போட்ட பன்றி பதற்றமாக இருக்கும், வாகனத்தில் ஏற்றும்போது படுத்துவிடும். இன்னொரு வேடிக்கை, தீவனத்தில் புரதமும் லைசினும் நிறைய இருந்தால்தான் அது வேலையே செய்யும். சோறும் தவிடும் தின்கிற பன்றியில், அது உண்மையான ரக்டோபமினாகவே இருந்தாலும், உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

மற்றது கிளென்பியூட்டரோல். இது பயங்கரமானது. ஈரலில் தங்கும், சமைத்தாலும் அழியாது. 2006இல் ஷங்காயில் அதைத் தின்ற பன்றியின் இறைச்சியைச் சாப்பிட்டு முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் நெஞ்சு படபடத்து, கை நடுங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். உங்கள் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வெறும் குளுக்கோஸாகக்கூட இருக்கலாம். கொட்டாஞ்சேனையில் அந்தக் கடையில் ஈரல் வாங்கும் கிழவர்களில் நானும் ஒருவன், அதனால்தான் கொஞ்சம் சூடாகவே எழுதுகிறேன்.

பக்கத்துப் பண்ணைக்காரரின் அன்டிபயோட்டிக் தூளுக்கு வருகிறேன். நோய்க்கு, மிருக வைத்தியர் எழுதி, எழுதிய நாளுக்குக் கொடுத்து, சொன்ன இடைவெளி விட்டு அறுப்பது வேறு. வளரட்டும் என்று தினமும் தூவுவது வேறு. ஒரு காலத்தில் உலகம் முழுக்கத் தூவினார்கள், வளர்ச்சியும் கொஞ்சம் கிடைத்தது, பொய்யில்லை. ஆனால் எங்கே அதிகம் கிடைத்தது தெரியுமா? அழுக்கான, நெரிசலான கொட்டிலில். கழுவிய கொட்டிலில் வித்தியாசம் மிகக் குறைவு. அவர் தூளுக்குக் கொடுக்கும் காசு, தும்புத்தடிக்கும் சுண்ணாம்புக்கும் கொடுக்காத காசு. சுவீடன் 1986இலேயே நிறுத்தியது, ஐரோப்பிய ஒன்றியம் 2006 தைமாதம் முதலாம் திகதியோடு முழுக்க நிறுத்தியது. 2015இல் சீனாவில் பன்றிகளில் கண்டுபிடித்த ஒரு மரபணு, கொலிஸ்டின் என்ற கடைசி மருந்தையே எடுபடாமல் செய்தது, அதுவும் ஒரு பெக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறு எதுவும் கேட்காத நோயாளிக்குக் கொடுக்கிற மருந்து அது. சீனா 2017இல் தீவனத்திலிருந்து அதை விலக்கியது, இந்தியா 2019இல் உணவு விலங்குகளுக்கே தடை செய்தது. அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம், நீங்கள் போடாமல் இருந்தால் சரி.

பழைய ஆட்கள் மயில்துத்தம் என்கிற நீலச் செம்பு உப்பைக் கலப்பார்கள், அதைப் பற்றியும் யாராவது சொல்லியிருப்பார்கள். செம்பு கூடினால் வளர்ச்சி கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு டொன் தீவனத்துக்கு ஒரு கிலோ என்பதே பழைய கணக்கின் உச்சி. அந்த அளவில் கொழுப்பு இன்னும் இளகும், எருப் போட்ட நிலத்தில் செம்பு தேங்கும், அந்தத் தீவனத்தைத் தின்ற செம்மறி செத்துப்போகும். கைப்பிடி அளவில் போடுகிற பொருளல்ல. உங்கள் பிரச்சினைக்கு மருந்தும் அல்ல.

தட்டில் தண்ணீர் விடுவதை இதுவரை தொடவில்லை, ஏனென்றால் அதற்கும் தீவனத்துக்கும் அவ்வளவு உறவில்லை. அது கடைசி நாளின் கதை. உயிரோடு இருக்கும் சதையின் அமிலநிலை (pH) 7க்குச் சற்று மேலே. இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று அர்த்தம். அறுத்த பிறகு பல மணித்தியாலம் எடுத்து, மெதுவாக 5.6, 5.7க்கு இறங்க வேண்டும். வெயிலில் வான் பின்பக்கத்தில் அடைத்து, களனிப் பாலத்தடியில் வாகன நெரிசலில் நிறுத்தி, இறக்கும்போது தடியால் அடித்து, உடனே அறுத்தால் முக்கால் மணித்தியாலத்திலேயே அது 6க்குக் கீழே விழும். சதை இன்னும் சூடாக இருக்கும்போதே அமிலம் ஏறினால் புரதம் அரைவேக்காடாகி, பிடித்து வைத்திருந்த தண்ணீரை விட்டுவிடும். வெளிறிய, தொளதொளத்த, தண்ணீர் கசியும் இறைச்சி. மக்னீசியம் கொடுத்தால் சரியாகும் என்று ஏஜென்ட்மார் சொல்வார்கள். சில நேரம் உதவும், சில நேரம் ஒன்றும் நடக்காது. அதற்குப் பதில் முதல்நாள் பின்னேரத்தோடு தீவனத்தை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். விடிய நாலு மணிக்கு ஏற்றுங்கள். ஒரே கொட்டிலில் வளர்ந்தவற்றை ஒன்றாக ஏற்றுங்கள், வேற்றுக் கொட்டில் பன்றியைக் கலந்தால் வழி முழுக்கக் கடிபடும். மேலே தண்ணீர் தெளியுங்கள். இறக்கிய இடத்தில் இரண்டு மணித்தியாலமாவது படுக்க விடுங்கள். ஏற்றுவதற்கு முன் இடம் மாற்ற அனுமதி வேண்டுமா என்று உங்கள் பகுதி மிருக வைத்திய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டு மாத இழுவைக்கு லைசின் ஒரு காரணம் என்றேன். மற்ற இரண்டும் காசில்லாமல் பார்க்கக்கூடியவை. சில வருடங்களுக்கு முன் ஒரு பண்ணைக்குப் போயிருந்தேன். தட்டில் ஏழு விதமான தூள் டப்பா, கோயில் மாடம் போல அடுக்கி வைத்திருந்தார். எனக்கு வெயில் தாங்கவில்லை, பன்றிக்குத் தண்ணீர் வரும் குழாய் முனையை அழுத்தி முகம் கழுவப் பார்த்தேன், சொட்டுச் சொட்டாக வந்தது. ஒரு லீற்றர்ப் போத்தலைப் பிடித்து மணிக்கூட்டைப் பார்த்தால் நிறைய நாலு நிமிடம். ஒரு நிமிடத்தில் நிறைய வேண்டும். தண்ணீர் குடிக்காத பன்றி தீவனம் தின்னாது. பன்றிக்கு வியர்வையும் கிடையாது, நம் ஊர்ப் பகல் வெக்கையில் தீவனத்தைத் தள்ளிவிடும். குழாய் முனைக்குள் கறள் அடைத்திருந்தது. ஒரு ஊசிதான் செலவு. நீங்களும் இன்றைக்கே ஒரு போத்தலோடு போய்ப் பாருங்கள். பெரிய தீவனத்தை விடியக்காலையும் பொழுதுபட்ட பிறகும் வையுங்கள்.

இன்னொன்று, கடைக்காரரிடம் அடுத்த பன்றியின் ஈரலை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். ஈரலின் மேல் பால் தெளித்தது போல வெள்ளைத் திட்டுகள் இருந்தால் அது உருண்டைப் புழுக் குட்டிகள் துளைத்துப் போன தழும்பு. அப்படியென்றால் நீங்கள் போடுகிற தீவனத்தைக் குடலில் இருக்கிற புழுவோடு பங்கு போடுகிறீர்கள். மிருக வைத்தியரிடம் பூச்சி மருந்து கேட்டு வாங்குங்கள், எத்தனை நாள் விட்டு அறுக்கலாம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இவ்வளவும் சரியான பிறகு, நான் சொல்லக்கூடிய மூன்றாவது தூள் விற்றமின் ஈ. கடைசி ஐந்தாறு வாரம், தீவனக் கிலோவுக்கு 100 முதல் 200 மில்லிகிராம். கொழுப்புச் சிக்கடிப்பதைத் தள்ளிப்போடும், சதையின் சிவப்பு நிறம் கடையில் கூடுதல் நேரம் நிற்கும். கிறிஸ்மஸுக்கு வாங்கிப் பெட்டியில் போட்டு வைப்பவர்களுக்கு இது தெரியும். மீன் வாளி ஓடிக்கொண்டிருக்கும்போது இதைப் போட்டால் ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிற வேலைதான். செலினியத்தைத் தனியாக வாங்காதீர்கள். தேவை கிலோவுக்கு 0.3 மில்லிகிராம்தான், கொஞ்சம் கை தவறினால் நஞ்சு. விற்றமின் தாதுக் கலவையில் இருப்பதே போதும்.

எதைப் போட்டாலும் உங்கள் கொட்டிலிலேயே பரீட்சித்துப் பாருங்கள். ஒரே வயதில் ஆறு பன்றி இந்தப் பக்கம், ஆறு அந்தப் பக்கம். தராசு இல்லாவிட்டால் தையல் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை மீற்றரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, காதிடையிலிருந்து வால் அடி வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 69.3ஆல் பெருக்குங்கள். சுற்றளவும் நீளமும் 1.1 மீற்றர் என்றால் 92 கிலோ வரும். காலையில், தீவனம் வைக்குமுன் எடுங்கள். தின்ற தீவனத்தையும் சுவரில் கரியால் எழுதிவாருங்கள். ஆறு வாரத்தில் சுவர் சொல்லிவிடும், ஏஜென்டைக் கேட்க வேண்டியதில்லை.

டிசம்பரில் கொட்டாஞ்சேனைக்குக் கொடுக்க நினைத்திருக்கும் உருப்படிகளை இப்போதே வேறாக்கி, ஒக்டோபர் முதல் வாரத்தோடு அவற்றுக்கு மீனை நிறுத்துங்கள். அந்த ஏஜென்டிடம் ஏற்கெனவே ஒரு பாக்கெட் வாங்கிவிட்டீர்கள் என்றால் பன்றிக்கும் போடாதீர்கள், வாய்க்காலிலும் கொட்டாதீர்கள். இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, அடுத்த முறை மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.